கொசுவம்

என்ன தண்டனை வேண்டும் என்று சிறார் நீதிக் குழுமத்தில் மாஜிஸ்திரேட் கேட்டார். வலது கையில் மாவுக்கட்டோடு நின்ற குருவம்மாள் கொஞ்சம் யோசித்தார். "ஒத்தைக் கையால சேலை கட்ட முடியலீங்க. கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இந்தப் பொண்ணு தினமும் காலையில வந்து கொசுவம் வச்சு விடட்டும். அது போதும்." லைசென்ஸ் இல்லாமல் ஸ்கூட்டி ஓட்டி அவரை இடித்துவிட்டு, நிற்காமல் போன பதினாறு வயது தர்ஷனா அதுவரை சேலையே கட்டியதில்லை.

முதல் நாள் கொசுவத்தை வலப்பக்கம் பார்க்க வைத்துவிட்டாள். குருவம்மாள் அதைத் திருத்தாமல் அப்படியே தாலுகா ஆபீஸ் வேலைக்குப் போனார். எல்லோரும் சிரித்தார்களாம். அதைக் கேள்விப்பட்ட மறுநாள் தர்ஷனா நான்கு முறை பிரித்துப் பிரித்து மடித்தாள். பிறகு அவர் காலடியில் மண்டியிட்டு, ஒவ்வொரு மடிப்பின் கீழ்நுனியையும் நீவி நேராக்கினாள். முகத்தை மட்டும் நிமிர்த்தவே இல்லை.

நாற்பத்தாறாம் நாள் வந்தபோது அவர் கையில் கட்டு இல்லை. தர்ஷனா வாசலிலேயே நின்றுவிட்டாள். குருவம்மாள் இரண்டு கைகளாலும் பீரோவைத் திறந்து பட்டுச்சேலையை எடுத்தார். "என்ன பாக்குற? எங்கண்ணன் மக கல்யாணம். நீயும் வர்ற."

மண்டபத்தில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "கொசுவம் விசிறி மாதிரி நிக்குதே, யாரு வச்சது?"

"இவதான்." குருவம்மாள் அவளை முன்னால் இழுத்து நிறுத்தினார். "என் கைய ஒடைச்சவ." மாநிலத்தில் முதலிடம் வாங்கிய மகளைச் சொல்வதுபோல் இருந்தது குரல்.

எல்லோரும் பார்த்தார்கள். தர்ஷனாவும் நிமிர்ந்து அவர்களைப் பார்த்தாள். பிறகு, மண்டபமே பார்த்திருக்க, மண்டியிட்டாள். ஒரு மடிப்பு லேசாக விலகியிருந்தது.