எதிரே வந்த நிறைகுடம்

கேள்வி கேட்பவர் அன்புச்செல்வன்தான். வியர்த்து வழிந்ததும் அவருக்குத்தான்.

காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் ஏலம் விட்டால் நாலு தெருவுக்குக் கேட்கிற தொண்டை அது. ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இண்டர்வியூ நடத்தும் பெரிய டாக்டராக உட்கார வைத்ததும் கம்மிப்போய்விட்டது.

நுழைவுத் தேர்வு எழுதி, மூன்றாவது முயற்சியில் வந்த அழைப்பு. இன்று காலை மருத்துவக் கல்லூரியில் நேர்முகத் தேர்வு. தாண்டினால் சீட். இல்லையென்றால் இல்லை, அவ்வளவுதான்.

இதயத்தைப் பற்றிக் கேட்டார். ரத்தத்தைப் பற்றிக் கேட்டார். பதில் கடகடவென்று வந்தது. அவருக்கு ஒரு வார்த்தை புரிந்தால்தானே! ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்துகொண்டது.

ஊசியைக் கண்டால் ஓடுகிற பரம்பரையில் ஒரு டாக்டர். சும்மாவா?

ஒரே ஒரு கேள்விதான் ஒவ்வொரு தடவையும் காலை வாரியது. அஞ்சரை வருஷம் படிக்கணுமே, வீட்டில் யார் துணை? அதைக் கேட்டாலே எதிர் நாற்காலியில் கண் கலங்கியது. கல்லூரியிலும் இப்படிக் கலங்கி நின்றால் சீட் அம்பேல்.

எதிர்வீட்டு ஆனந்தவள்ளி கோயில் துளசியோடு வந்தாள். அன்புச்செல்வனின் மகள் சுபஸ்ரீயின் கையில் வைத்து, "பயப்படாம பதில் சொல்லும்மா" என்று வாழ்த்திவிட்டுப் போனாள். சுபஸ்ரீ உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கிளம்பும் நேரம் வந்தது.

அந்த வீட்டில் யார் நல்ல காரியத்துக்குக் கிளம்பினாலும், அன்புச்செல்வனின் மனைவி ஜோதி நிறைகுடத்தோடு தெருமுனையிலிருந்து எதிரே நடந்து வருவாள். நல்ல சகுனம். சுபஸ்ரீயின் எல்லாப் பரீட்சைக்கும் வந்திருக்கிறாள். அன்புச்செல்வன் கடை திறந்த அன்றும் வந்தாள். ஒரு சொட்டு சிந்தாது.

இன்று சுபஸ்ரீ குடத்தை எடுக்கக் குனிந்தாள். அன்புச்செல்வன் தடுத்தார்.

"தள்ளு! நம்ம எல்லாருக்கும் எதிர்க்க வந்தவ உங்கம்மா. இன்னைக்கு அவ போறா, நான் எதிர்க்க வரேன்."

இடுப்பில் வைக்கத் தெரியாமல் தோளில் ஏற்றிக்கொண்டு, சந்து வழியாகத் தெருமுனைக்கு ஓடினார். தார் சுமந்து பழகிய தோள்தான், குடத்துக்கு வளையவில்லை. சட்டையெல்லாம் தண்ணீர். ஆனந்தவள்ளி வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

எதிரே ஜோதி வந்தாள். காதோரம் நரைத்த, அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். மகள் கொடுத்த துளசி தலையில் இருந்தது. புருஷனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

அன்புச்செல்வன் நடுத்தெருவில் நின்று, ஏலக் குரலில் கேட்டார்.

"சொல்லு, வீட்டுல யார் துணை?"

இந்தத் தடவை கண் கலங்கவில்லை. ஜோதி வாய்விட்டுச் சிரித்தபடி, நனைந்து நின்றவரைக் கையால் காட்டினாள்.