சிவப்பு அட்டை

“எவ்வளவு நேரம் நிக்கணும்?” ஊன்றுகோலோடு வந்த அம்மாள் கேட்டாள்.

கேளிக்கைப் பூங்காவில் வரிசை வாசலைக் கவனிக்கும் டார்லா நிமிராமலே வாசல் பலகையைக் காட்டினாள். பேய் பங்களா: அறுபது நிமிஷம். பலகை சொல்வதுதான் அவளுக்கு வேதவாக்கு.

“பத்து நிமிஷத்துக்கு மேல என்னால நிக்க முடியாதும்மா. என் பொண்ணு ட்ரேசி உள்ளே பேயா நடிக்கிறா. நான் ஒரு தடவைகூடப் பார்க்கலை. இன்னிக்கு சீசன் கடைசி நாள்.”

“நிக்க முடியாதவங்களுக்குத் தர்ற பக்கவாசல் சீட்டு இருக்கா?”

“அதை வாங்கவே ஒரு மணி நேரம் வரிசையில நிக்கணுமாம்.”

“அப்ப நான் என்ன செய்ய? தள்ளுங்க மேடம், பின்னால ஆள் நிக்குது.”

பின்னால் நின்றவர் பழுப்புக் கோட்டுக் கிழவர். அவர் கையில் டார்லா ஒரு சிவப்பு அட்டையைத் திணித்தாள்.

“பங்களாக் கதவுல டோபி இருப்பான். அவன்கிட்ட கொடுங்க சார். இது போய்ச் சேர்ற நேரத்தை வெச்சுத்தான் பலகை ஓடுது.”

“சேரலைன்னா?”

“ஏறிக்கிட்டே போகும். தொலைச்சிடாதீங்க. ஏற்கெனவே ரெண்டு தொலைஞ்சாச்சு. மூணாவதுன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

கிழவர் அந்த அம்மாளிடம் குனிந்து ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அட்டை போய்ச் சேரவில்லை.

பலகை தொண்ணூறைத் தொட்டது. பிறகு நூற்றிருபது. வந்தவர்கள் பார்த்துவிட்டுச் சூடான ஆப்பிள் சாறு விற்கும் கடைப் பக்கம் நகர்ந்தார்கள். ஈரி ஏரியிலிருந்து பனி வேறு இறங்கிக்கொண்டிருந்தது.

வாக்கி டாக்கியில் டோபி கூப்பிட்டான்.

“டார்லா, வரிசைப் பாதையில அந்தக் கல்லறை செட்டுப் பக்கம் புதுசா பொம்மை வெச்சிருக்காங்களா? பழுப்புக் கோட்டு போட்டு?”

“இல்லையே.”

“வர்றவங்க எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. இமைக்கவே மாட்டேங்குதாம். ‘நீங்க போங்க, நான் ஒருத்தருக்காகக் காத்திருக்கேன்’னு பேசுதாம். ஒரு பொண்ணு அழுதுக்கிட்டே போனா.”

பலகையில் நூற்றெண்பது. வரிசை காலி. டார்லா வாசலை அப்படியே போட்டுவிட்டு உள்ளே நடந்தாள்.

ஆறு வருஷமாகப் பார்க்கிற அட்டைக் கல்லறைகள்தான். ஆனாலும் ஆள் அரவமில்லாத அந்தப் பாதையில் அவளுக்கு முதுகு சில்லிட்டது.

அவர் அங்கேதான் நின்றார், அசையாமல். கையில் சிவப்பு அட்டை.

“சார், அதைக் கொடுங்க. உங்களால வெளியே ஒரு ஈ காக்கா இல்லை.”

“தெரியும்.” சிரித்தார். “சத்தம் போடாதே. வருது.”

“எது?”

டக். டக். பனிக்குள்ளிருந்து ஏதோ நெருங்கியது. டார்லா ஓரடி பின்வாங்கினாள்.

ஊன்றுகோல். அந்த அம்மாள்தான். மூச்சு வாங்கியபடி வந்து நின்றாள்.

கிழவர் அட்டையை அவளிடம் நீட்டினார். “கதவுல கொடுத்துட்டு உள்ளே போங்கம்மா. முன்னால யாருமே இல்லை.”

டக் டக் சத்தம் கதவை நோக்கிப் போனது. டார்லா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப, நீங்க இவங்களுக்காகத்தான் காத்திருந்தீங்களா?”

“இல்லம்மா, உனக்காக. நீ வாசலை விட்டு நகர்ந்தாத்தானே அவங்க உள்ளே வர முடியும்.”