ரயில்வே கேட்டில் ஒரு சைக்கிள்

ரயில்வே கேட் மூடியிருக்கிறது. காலை வெயில் கண்ணாடிகளில் பட்டுத் தெறிக்க, நாற்பது வண்டிகள் நின்ற இடத்திலேயே உறுமுகின்றன. அவற்றுக்கு நடுவே டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், பின்னால் மகள் உட்கார்ந்திருக்க, சைக்கிளை நிறுத்துகிறார். பழக்க தோஷம், அவருடைய இடது கால் அந்தரத்தில் எதையோ அழுத்துகிறது. "கிளட்ச் இங்க இல்லப்பா" என்கிறாள் மகள். பக்கத்துப் பஸ்ஸின் டிரைவர் எட்டிப் பார்க்கிறார். "என்ன மாஸ்டர், உங்க காரு என்னாச்சு?" "வித்துட்டேன். ரெண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு தினமும் புகை விட்டுக்கிட்டுப் போனது போதும்." ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார். டிரைவர் சிரிக்கவில்லை. சாவியைத் திருகுகிறார். பஸ் ஒருமுறை குலுங்கி அடங்குகிறது. அடுத்து லாரி அடங்குகிறது, பிறகு ஒவ்வொரு காராக. புகை மெல்லக் கலைந்து தண்டவாளம் பளபளக்கிறது. எங்கோ ஒரு குருவி கத்துவதும், இன்னும் கண்ணில் படாத ரயிலுக்குத் தண்டவாளம் முனகுவதும் கேட்கின்றன. கண்ணாடிகளை இறக்கி ஒவ்வொருவராகத் தலையை நீட்டுகிறார்கள். மகள் அப்பாவின் வியர்த்த முதுகில் காதை வைத்து, மூச்சு விடாமல் கேட்கிறாள். "அப்பா," என்று கிசுகிசுக்கிறாள், "உங்க என்ஜின் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு."