கழலாத நட்டு

"எலாடியோ, நட்டு கழண்டுச்சா இல்லியா? நாலு மணிக்குப் பையனுக்கு ஃப்ளைட்டு!" என்று கத்தினாள் நெரெய்தா.

"ஹவானா கடல் காத்து தின்ன துரு. அவசரப்பட்டா வருமா?"

எலாடியோ பழைய காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒடிந்துபோன பின்பக்க ஸ்பிரிங் பட்டையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"முப்பது வருஷமா காருக்கு வெளிய நீட்டிக்கிட்டிருக்கிற உன் ரெண்டு காலோடதான் நான் குடித்தனம் பண்றேன்" என்றாள் நெரெய்தா.

நாட்டைவிட்டே கிளம்பும் மகன் யோயெல் பெட்டியோடு வெளியே வந்தான். "விடுங்கப்பா. பக்கத்து வீட்டு ரிகோபெர்ட்டோவுக்கு எப்படியோ பெட்ரோல் கிடைச்சிருக்கு. சைட்கார் வச்ச மோட்டார் சைக்கிள்ல என்னைக் கொண்டுபோய் விடறாராம்."

தட்டும் சத்தம் நின்றது.

"அப்ப நாங்க?"

"பெட்டி போக ஒரு ஆளுக்குத்தான் இடம். வெளிய வாங்கப்பா, சொல்லிட்டுப் போறேன்."

"கையெல்லாம் கிரீஸுடா. நீ கிளம்பு."

யோயெல் அம்மாவைக் கட்டிக்கொண்டான். அப்பாவின் முழங்காலைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறினான்.

வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும் நெரெய்தா காருக்கு அடியில் குனிந்து பார்த்தாள். துருப்பிடித்த நட்டுகள் நாலும் அவன் சட்டைப் பையில் இருந்தன.

"எப்ப கழட்டின?"

"காலையிலேயே. வண்டி இல்லேன்னா போகமாட்டான்னு நினைச்சேன்."

"பாவி! ஏர்போர்ட் வரைக்குமாவது அவன் பக்கத்துல உட்கார்ந்து போயிருக்கலாமேய்யா!"