பத்து மோட்டார் கொசுறு

தேவிப்பிரியாவின் வண்டி மூன்றாவது தடவையும் கறுப்புக் கோட்டிலிருந்து விலகி, இருந்த இடத்திலேயே வட்டமடித்தது.

உலகநாதனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. பெற்றோர் வரிசையிலிருந்து எழுந்தார். பெற்ற பெண் தோற்பதைக் கைகட்டிப் பார்க்க அவர் என்ன சாமியாரா?

அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூட ஹால். பத்து நாள் கோடை முகாமின் கடைசி நாள். அறிவியல், தொழில்நுட்பம், ரோபோ என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். இருபது பிள்ளைகள். ஆளுக்கொரு குட்டி வண்டி செய்ய வேண்டும். வெள்ளை விரிப்பில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு அது தானாக ஓட வேண்டும். முதல் மூன்று பேருக்கு பெங்களூரில் ஒரு மாதப் பயிற்சி, எல்லாம் இலவசம்.

பத்து நாளாக வீட்டில் பெங்களூர் தவிர வேறு பேச்சில்லை. ஒன்பது மணி வகுப்புக்கு எட்டு மணிக்கே கொண்டுபோய் விடச் சொல்லி நச்சரிப்பாள். கடையைக்கூடத் திறக்காமல், முத்தாபுதுப்பேட்டையிலிருந்து மொபெட்டில் லாரிகளுக்கு நடுவே புகுந்து கொண்டுவந்து இறக்கினார். அதற்குப் பலன் இந்த வட்டமா?

பக்கத்து மேஜை பரத், ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாத பையன். அவன் வண்டி மின்சார ரயில் மாதிரி வளைந்து வளைந்து ஓடி முடித்துவிட்டது.

நேராக லாவண்யா டீச்சரிடம் போனார். முகாமில் சொல்லிக் கொடுப்பவள் அவள்தான்.

“பத்து நாளா இன்னாம்மா கத்துக் குடுத்தீங்க? ஊரு புள்ளைங்க வண்டியெல்லாம் ஓடுது. என் புள்ள வண்டி மட்டும் செக்குமாடு கணக்கா சுத்திகினு கீது.”

தேவி செய்த இணைப்பில் ஒரு தப்பும் இல்லை என்றாள் லாவண்யா. எழுதிய புரோகிராமும் சரி. இடது சக்கரம்தான் இழுக்கவில்லை, மோட்டார் கோளாறாக இருக்கலாம் என்றாள்.

மோட்டார் என்ற சொல்தான் அவரைக் கிளப்பிவிட்டது.

ஏனென்றால் மோட்டார் தந்ததே அவர்தான். ஆவடியில் பழைய பிரிண்டர், பழைய மிஷின்களைப் பிரித்து விற்கும் காயலான் கடை அவருடையது. பெண்ணைச் சேர்க்க வந்த அன்று, ஃபீஸில் பாதிதான் தருவேன், மீதிக்கு மோட்டார் தருகிறேன் என்று ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிப் படிய வைத்தார். வண்டிக்கு இரண்டு வீதம் அவர்கள் கேட்டது நாற்பது. ஐம்பதாகக் கொண்டுவந்து இறக்கி, பத்து கொசுறு, வெச்சுக்கோங்க என்று பெரிய மனசு காட்டிவிட்டுப் போனார்.

“மத்தவனுக்கெல்லாம் நல்லதா பொறுக்கிக் குடுத்துட்டு, காயலான் கடைக்காரன் பொண்ணுதானேன்னு என் புள்ள தலையில சொத்தைய கட்டினீங்களா?”

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தேவிப்பிரியா வந்து அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“உடு நைனா. ஊட்டுக்குப் போலாம்.”

“நீ சும்மா கெட. ஏமாத்தறவனக் கண்டா எனக்கு ஆவாது.”

லாவண்யா கொஞ்சம் தயங்கினாள்.

“பொறுக்கிக் குடுத்ததே உங்க பொண்ணுதான் சார்.”

எங்கள் கடை மோட்டார், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாளாம். தினமும் எட்டு மணிக்கே வந்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, துடைத்து, எண்ணெய் விட்டு எடுத்துக் கொடுத்தாளாம். எல்லாருக்கும் கொடுத்த பிறகுதான் தனக்கு எடுத்தாளாம்.

“அந்தக் கொசுறு பத்தும் தேவைப்படல, கடையிலேயே போட்டுடறேன்னு நேத்து திருப்பி எடுத்துட்டுப் போனாளே சார். சொல்லலையா?”

உலகநாதன் மகளின் மேஜைக்குப் போனார். வண்டியைத் தூக்கி, இடது பக்க மோட்டாரைப் பிடுங்கி, கட்டைவிரலால் தண்டைச் சுழற்றிப் பார்த்தார். பிறகு பின்பக்கம் திருப்பினார்.

பாதி சுரண்டப்பட்ட ஒரு சிவப்புப் பொட்டு.

எரிந்துபோன மோட்டாருக்கு அவர் கையாலேயே வைக்கும் பொட்டு அது, நகப்பூச்சில். மூட்டை கட்டும்போது எது அடியில் போக வேண்டும் என்பதற்கு அடையாளம். மேலே நல்லது, அடியில் சொத்தை. இருபது வருஷமாக அப்படித்தான் கட்டுகிறார். அந்தத் தொழிலில் அதை யாரும் தப்பென்று சொல்வதில்லை.

இந்த மூட்டையில் அடியில் போட்டது பதினொன்று. அது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

பத்து, சத்தமில்லாமல் கடைக்கே திரும்பிவிட்டது. பதினோராவது அவர் கையில் இருந்தது.

மகளைப் பார்த்தார். அவள் குனிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

மேடையில் முகாம் நடத்தும் சிவராமன் மைக்கைத் தட்டினார். பெங்களூர் போகும் மூன்று பேரை வாசித்தார். இரண்டாவது பெயர் பரத். தேவிப்பிரியா என்ற பெயர் வரவில்லை.

“அடுத்து, நம்ம முகாமுக்கு ஐம்பது மோட்டார், ஒண்ணுகூட பழுதில்லாம குடுத்து உதவின ஆவடி உலகநாதன் ஐயாவுக்குப் பொன்னாடை. மேடைக்கு வாங்க ஐயா.”

கைதட்டல் எழுந்தது. உலகநாதன் மோட்டாரை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு நின்றார்.

தேவிப்பிரியா பக்கத்தில் வந்து, யாரும் பார்க்காதபடி உள்ளங்கையை நீட்டினாள்.

“போ நைனா. கையில கீறத என்கிட்ட குடுத்துட்டுப் போ.”