நாலாவது சக்கரம்

மூன்றாவது சக்கரமும் நின்றுவிட்டது.

மெர்ல் ஹாகன் அதைக் கையால் சுழற்றிவிட்டபோது தடையில்லாமல்தான் சுற்றியது. பேட்டரிக் கம்பியை நீல ஒயரில் தொட்டதும், யாரோ உள்ளேயிருந்து இறுக்கிப் பிடித்ததுபோல் சட்டென்று நின்றது.

"இதுவும் நல்லாத்தான் இருக்கு, பெரியவரே," என்றான் ரஸ்.

மெர்ல் ஜாக்கியை இறக்கினார்.

விபத்துக்குள்ளான வண்டிகளைக் கொண்டுவந்து போடும் யார்டு அது. மலைச்சாலை சமவெளியைத் தொடும் இடத்தில் இருந்தது. ரஸ் அதை நடத்துகிறவன். நாளைக் காலையில் அந்த வீட்டு டிரெய்லரை நசுக்கப் போகிறார்கள். அதற்குள் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று மெர்ல் கேட்டபோது, அவன் மறு பேச்சில்லாமல் கேட்டைத் திறந்துவிட்டான்.

பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. கூரை போய்விட்டது. ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பிய்ந்து, சமையல் அலமாரி வெளியே தெரிந்தது. அடிச்சட்டமும் இரண்டு அச்சும் நாலு சக்கரமும் மட்டும் முழுசாக இருந்தன.

ஒன்பது நாளைக்கு முன்னால் மெர்லுடைய மகன் டோபின் இதைத் தன் பிக்கப் வண்டியில் மாட்டி இழுத்துக்கொண்டு போனான். அப்பாவின் டிரெய்லர், 1981-இல் செய்தது. மலையிறக்கத்தின் மூன்றாவது வளைவில் வண்டி திரும்பவில்லை. நேரே பள்ளத்துக்குள் போய்விட்டது. டோபின் பிழைக்கவில்லை.

பிக்கப்பில் பழுது ஏதுமில்லை என்று ஷெரிஃப் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இந்தப் பழைய டிரெய்லரை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்த்தவர் மெர்ல். அவருக்குத் தெரியும். பிக்கப்பில் பிரேக்கை மிதித்தால் நீல ஒயர் வழியாக டிரெய்லரின் நாலு சக்கரத்துக்கும் மின்சாரம் போக வேண்டும். உள்ளே இருக்கும் காந்தம் சக்கரத்தைப் பிடிக்க வேண்டும். எங்கேயாவது ஒயர் அறுந்திருந்தால் டிரெய்லர் நிற்காது. முன்னால் போகிற வண்டியை இறக்கத்தில் தள்ளிக்கொண்டே போகும்.

காலை எட்டு மணியிலிருந்து தேடிக்கொண்டிருந்தார்.

இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். பச்சை பூத்திருக்கும் என்று நினைத்த செம்பு பளபளவென்று இருந்தது. எர்த் ஒயரைச் சட்டத்தில் முடுக்கியிருந்த போல்ட்டின் துருவைச் சுரண்டினார். அடியில் இரும்பு சுத்தமாக இருந்தது. பழைய டிரெய்லர்களில் அச்சுக்குழாய்க்குள் ஓடும் ஒயர்தான் உராய்ந்து உராய்ந்து தேய்ந்து போகும். அதையும் இழுத்தும் முறுக்கியும் பார்த்தார். கையிலிருந்த மின்மீட்டரில் எண் அசையவே இல்லை.

காற்று பலமாக அடித்தது. விரல்கள் மரத்துவிட்டன.

நாலாவது சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். சுழற்றிவிட்டார். கம்பியைத் தொட்டார்.

சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

மெர்ல் இன்னும் அருகே குனிந்தார். மறுபடி சுழற்றினார். மறுபடி தொட்டார். நிற்கவில்லை.

"பாரு! பாரு ரஸ்! பிடிக்கல!"

ரஸ் குனிந்து பார்த்தான். பேட்டரிப் பக்கத்துக் கிளிப் காற்றில் கழன்று தரையில் கிடந்தது. அதை எடுத்து மாட்டினான்.

சக்கரம் நின்றது.

"நாலும் பிடிக்குது, பெரியவரே," என்றான் ரஸ், ஆறுதலாக. "நீங்க மனசப் போட்டு வருத்திக்க வேண்டாம். உங்க டிரெய்லர் மேல ஒரு குத்தமும் இல்ல."

மெர்ல் சரளைக்கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சாலையில் பிரேக் பிடித்து டயர் தேய்ந்த தடம் ஓரடிகூட இல்லை என்று ஷெரிஃபின் ஆள் சொல்லியிருந்தார். டிரெய்லர் தள்ளிக்கொண்டு போயிருந்தால் தடம் எங்கிருந்து விழும் என்று மெர்ல் இத்தனை நாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

விபத்து நடந்த அன்று காலை டோபின் தன் நாயைக் கொண்டுவந்து பெற்றோர் வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனான். அதன் படுக்கை, தட்டு, தடுப்பூசிச் சீட்டு, எல்லாவற்றையும் சேர்த்து. மலைக்கு அந்தப் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது என்றான். அப்படி ஒரு வேலையே இல்லை என்பது ஐந்தாம் நாள் மெர்லுக்குத் தெரிந்தது. மனைவி ஆர்டித்திடம் அவர் அதைச் சொல்லவில்லை.

இந்த நாலு சக்கரத்தில் ஒன்றாவது பிடிக்காமல் இருந்திருக்கக் கூடாதா.

வெகுநேரம் கழித்து எழுந்தார். பின் அச்சிலிருந்து ஒரு சாண் நீல ஒயரை வெட்டி எடுத்தார். பாக்கெட் கத்தியைப் பிரித்து, ஒயரின் நடுவில் உறையைச் சீவத் தொடங்கினார்.

ரஸ் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"கத்தி பட்டா வெட்டுன மாதிரி தெரியும், பெரியவரே," என்றான் மெதுவாக. "அந்த அச்சுக்குழாய் விளிம்புல தேய்ங்க."

மெர்ல் தேய்த்தார். உறை கிழிந்து, செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்தன. ரஸ் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் போய்விட்டான்.

மெர்ல் ஒயர்த்துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆர்டித்துக்குப் போன் செய்தார்.

"கண்டுபிடிச்சிட்டேன்," என்றார். "அச்சுக்குள்ள ஒயர் தேஞ்சு அத்துப் போயிருக்கு. வெளியில இருந்து பாத்தா யாருக்கும் தெரியாது. அவன் மிதிச்சிருக்கான், ஆர்டித். கடைசி வரைக்கும் மிதிச்சிருக்கான்."

ஒன்பது நாளில் முதல் தடவையாக ஆர்டித் வாய்விட்டு அழுதாள்.

அவள் அழுது முடிக்கும்வரை மெர்ல் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.