சனிக்கு ஐந்தாம் இடம்

"பாடம் நடத்தச் சொன்னா படம் காட்டுறாங்க சார். இப்ப பாருங்க, மொத்த வகுப்பும் தப்பு."

பெரிய டீச்சர் ஏ பிரிவின் அறிவியல் தாள்களைத் தலைமையாசிரியரின் மேஜையில் தொப்பென்று போட்டார். உட்காரச் சொன்னதற்கு, நாலு நாளாக இடுப்புப் பிடிப்பு, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று நின்றுகொண்டே குற்றம் சாட்டினார்.

எதிரே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள் ஏ பிரிவுக்குப் பாடம் எடுக்கும் சின்ன டீச்சர். வேலை நிரந்தரமா, மூட்டை கட்ட வேண்டியதுதானா என்று முடிவாகிற வாரம் பார்த்தா இது வந்து வாய்க்க வேண்டும்?

அவள் செய்தது இவ்வளவுதான். ஊரே முணுமுணுக்கிற ஒரு சினிமாப் பாட்டின் மெட்டில் கோள்களின் வரிசையைப் போட்டு, தானே ஆடி வீடியோ எடுத்துவிட்டாள். சிவப்புப் போர்வைக்குள் செவ்வாய், கறுப்புக் கண்ணாடியோடு வெள்ளி. விளையாட்டு அறை வளையத்தை இடுப்பில் சுழற்றியபடி சனி நுழைந்ததும் பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறிவிட்டார்கள்.

தாளம் தூக்குகிற இடத்தில் சனி வந்தால்தான் எடுபடும் என்று அதை வியாழனுக்கு முன்னால் நுழைத்தாள். வினை அங்கேதான். பாட்டில்தான் இப்படி, பரீட்சையில் வியாழனுக்கு அப்புறம்தான் சனி என்று படித்துப் படித்துச் சொன்னாள். காதில் வாங்கினால்தானே? தேர்வு அறையில் எல்லாக் கால்களும் தாளம் போட்டன. எல்லாத் தாளிலும் சனி ஐந்தாம் இடத்தில் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டது.

இது பள்ளிக்கூடமா, சினிமாக் கொட்டகையா என்றார் பெரிய டீச்சர். தன் பி பிரிவுக்குள் சாக்பீசைத் தவிர வேறெதுவும் நுழைந்ததில்லை என்றார். இந்தப் பெண்ணை அனுப்பிவிடுவதுதான் பள்ளிக்கு நல்லது என்றும் சொல்லி முடித்தார்.

தலைமையாசிரியர் தலையைச் சொறிந்தார். "சரி, உங்க பி பிரிவுத் தாளையும் ஒரு பார்வை பார்த்துடுவோம்."

இன்னும் திருத்தவில்லையே என்று இழுத்தார் பெரிய டீச்சர். பரவாயில்லை என்று சொல்லி, ஆள் அனுப்பித் தாள்கட்டை வரவழைத்துப் பிரித்தார் தலைமையாசிரியர்.

முதல் தாளில் சனி, அப்புறம் வியாழன். அடுத்ததிலும் அதே. கட்டு முழுக்க சனிதான் முன்னால். ஒரு பிள்ளை சனியை வரைந்து, வளையத்துக்குக் கீழே ஆடுகிற இரண்டு கால்களையும் சேர்த்திருந்தது.

பெரிய டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க சார்," என்றாள் சின்ன டீச்சர். "டீச்சர் வராத ஒரு பீரியட்ல பி பிரிவுக்கும் நான்தான் போட்டுக் காட்டினேன். அவங்களுக்குத் தெரியாது."

இது வேறயா என்று முனகினார் தலைமையாசிரியர். பிறகு பெரிய டீச்சர் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. அனுப்பிடலாமா?"

பெரிய டீச்சர் தாள்களை அவசரமாக வாரிக் கட்டினார்.

"போகட்டும் விடுங்க சார். பிள்ளைங்க ஆசையா படிக்குதுங்க. நிரந்தரம் பண்ணிடுங்க. இனிமே பாட்டை நான் ஒருதரம் பார்த்துத் தரேன்."

தலைமையாசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவில் இருவரும் சேர்ந்து நடந்தார்கள். சின்ன டீச்சருக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. பெரிய டீச்சர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே மாடிப்படி வரை வந்தார். அங்கே நின்று, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நான் வராத பீரியடே கிடையாதேம்மா."

"தெரியும் டீச்சர். அன்னிக்கு ஜன்னல் வழியா பார்த்தேன்," என்றாள் சின்ன டீச்சர். "நீங்க என்னைவிட நல்லாவே வளையம் சுத்தினீங்க. இடுப்பு இப்ப பரவாயில்லையா?"